மேஜிக் கிங்டத்தின் தரைத்தளம்

ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வந்த எல்லோரிடமும் ஒரு படம் இருக்கும். சிண்ட்ரெல்லா கோட்டைக்கு முன்னால் குடும்பம் வரிசையாக நிற்க, பாதிப் பேர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் படம். அந்தப் படத்தில் நீங்கள் நிற்பது தரையில் இல்லை, மாடியில். தரை உங்களுக்கு ஒரு தளம் கீழே இருக்கிறது. நீங்கள் கேமராவைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் அங்கே யாரோ ஒருவர் பேட்டரி வண்டியில் டிஷ்யூ பேப்பர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயிருப்பார். இன்னொருவர் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

சென்னைவாசிகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நம் ஃபிளாட்டுகளில் ஸ்டில்ட் பார்க்கிங் இருக்கிறதல்லவா? கார்கள், மோட்டார் ரூம், ஈ.பி. மீட்டர், வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கீழே. வீடுகள் முதல் மாடியிலிருந்து. அந்த ஸ்டில்ட்டை ஒன்பது ஏக்கருக்குக் கட்டி, சுற்றிலும் மண்ணைக் குவித்து மூடி, மேலே தெருவும் மரமும் கோட்டையும் வைத்தால் அதுதான் மேஜிக் கிங்டம். கீழ்த்தளத்துக்கு யூட்டிலிடார் என்று பெயர். எல்லோரும் அதைச் சுரங்கம் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன், ஆனால் அது பூமிக்கு அடியில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

என் பிழைப்பு கட்டடங்களுக்குள் ஓடும் குழாய்களோடு. ஏசி, குடிநீர், கழிவுநீர், தீயணைப்புத் தண்ணீர் என்று எது எந்த வழியில் போக வேண்டும், எதை எதற்கு மேல் போட வேண்டும் என்று வரைந்து கொடுப்பது வேலை. கட்டடத்தின் அழகை ஆர்க்கிடெக்ட் பார்த்துக்கொள்வார். அந்த அழகு கெடாமல் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் இருக்கும் ஒன்றரை அடியில் எல்லாவற்றையும் திணிப்பது எங்கள் தலைவலி. அதனால் எந்த மாலுக்குப் போனாலும் அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். வீட்டில் இந்தப் பழக்கத்துக்கு நல்ல பெயர் கிடையாது.

கோவிட்டுக்கு முந்தைய ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஆர்லாண்டோ போனபோது, கீழ்த்தளத்தைக் காட்டும் டூர் ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டேன். கீஸ் டு த கிங்டம் என்று பெயர். நடந்தே சுற்ற வேண்டும், ஐந்து மணி நேரம், மதியச் சாப்பாடு உண்டு, நுழைவுச்சீட்டுக்கு மேல் தனிக் கட்டணம். 16 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். மனைவி உடனே சொல்லிவிட்டாள்: “நீங்க போய்ட்டு வாங்க. நாங்க டம்போ சவாரில சுத்திக்கிட்டு இருக்கோம். சாயங்காலம் வந்து குழாய்க் கதை சொன்னா மட்டும் கேக்க மாட்டேன்.” சரி என்றேன்.

டூரைப் பற்றிச் சொல்லும் முன், ஏன் இப்படி ஒரு தளம் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் அனஹைமில் முதல் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. திறப்புநாளே குளறுபடி. போலி டிக்கெட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் நுழைந்துவிட்டார்கள். புதிதாகப் போட்ட தார் இறுகாததால் பெண்களின் ஹீல்ஸ் அதில் புதைந்தது. பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாயா, கழிப்பறையா, இரண்டில் எதை முடிப்பது என்று வால்ட் டிஸ்னி தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். என் தொழிலில் இருக்கும் எவரும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பார்கள்.

குளறுபடிகள் சில வாரங்களில் சரியாகிவிட்டன. சரிசெய்ய முடியாத ஒரு குறை அவர் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். எதிர்காலத்தைக் காட்டும் டுமாரோலேண்ட் பகுதியின் வழியாக, கௌபாய் உடுப்பில் ஒரு ஊழியர் தன் வேலையிடத்துக்கு நடந்து போனதை வால்ட் பார்த்தாராம். ராக்கெட்டுக்குப் பக்கத்தில் கௌபாய்! கதை எவ்வளவு நிஜமோ, பிரச்சினை நிஜம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காலம், ஒரு உலகம் என்று கட்டிவிட்டீர்கள்; ஊழியர்களோ ஒரே பாதையில்தான் போய்வர வேண்டும். அனஹைமில் இடமும் இல்லை. வாங்கிய நிலம் ஏறத்தாழ 160 ஏக்கர். சுற்றிலும் மோட்டல்களும் விளம்பரப் பலகைகளும் முளைத்து நெருக்கிவிட்டன.

அதனால்தான் ஃப்ளோரிடாவில் 27,000 ஏக்கருக்கும் மேல் வாங்கினார்கள். டிஸ்னி என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்று லத்தீன்-அமெரிக்கன் டெவலப்மென்ட், ரீடி கிரீக் ராஞ்ச் என்று வாயில் நுழைகிற பெயரில் எல்லாம் டம்மி கம்பெனிகளை வைத்து, சராசரியாக ஏக்கர் 200 டாலருக்கும் குறைவாக வளைத்துப் போட்டார்கள். 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ சென்டினல் பத்திரிகை குட்டை உடைத்தது. அதற்கு மறுவருடம் டிசம்பரில் வால்ட் இறந்துபோனார். ஓய்வு பெறவேண்டிய அண்ணன் ராய், தம்பி தொடங்கியதை முடித்துவிட்டுப் போகிறேன் என்று நின்றார். 1971 அக்டோபர் 1 அன்று திறந்தார், டிஸ்னி வேர்ல்ட் என்ற பெயருக்கு முன்னால் ‘வால்ட்’ என்பதைச் சேர்க்க வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். அந்த டிசம்பரிலேயே அவரும் போய்விட்டார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. கோட்டையின் முன் தம்பியும் மிக்கியும் கைகோத்து நிற்கும் சிலைக்குத்தான் கூட்டம். ராய் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் மின்னியோடு உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலானவர்கள் அவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வாங்கிய நிலம் சதுப்பு. மத்திய ஃப்ளோரிடாவில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒன்பது ஏக்கருக்குச் சுரங்கம் தோண்டி, மழைக்காலத்தில் அதை உலர்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் அந்த வேலையை எடுக்கவே மாட்டேன். நிலத்தடி நீர் கட்டடத்தை அடியிலிருந்து மேலே தூக்கப் பார்க்கும். அதைத் தடுக்க அடித்தளத்தின் எடையைக் கூட்ட வேண்டும், பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு மூட்டில் கசிந்தால் வாழ்நாள் முழுக்கக் கசியும்.

அவர்கள் கீழே தோண்டவில்லை. தரைமட்டத்திலேயே சுரங்கத்தைக் கட்டிவிட்டு, ஊரை மேலே தூக்கிவிட்டார்கள். மண்ணுக்கு எங்கே போவது? பூங்காவுக்கு எதிரிலேயே ஒரு ஏரியை வெட்டினார்கள். ஏழு மில்லியன் கன கெஜத்துக்கு, அதாவது எழுபது லட்சத்துக்குக் குறையாமல், மண் வந்தது. அதைக் கொண்டு சுரங்கத்தைச் சுற்றி நிரப்பினார்கள். பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து செவன் சீஸ் லகூன் ஆனது. இன்று கார் நிறுத்துமிடத்திலிருந்து ஃபெர்ரியில் நீங்கள் கடப்பது அந்தப் பள்ளத்தைத்தான். வெட்டிய பள்ளம் ஏரி, கொட்டிய மண் மேடு, மேட்டுக்குள் சுரங்கம். ஒரு காசு வீணாகவில்லை. இதை முதன்முதலில் படித்தபோது ஒரு நல்ல வரைபடத்தைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் வந்தது.

தண்ணீரை அடக்கிய ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வில்லியம் பாட்டர். ராணுவத்தில் மேஜர் ஜெனரல், பனாமா கால்வாய்ப் பகுதியின் கவர்னராக இருந்தவர். எல்லோரும் ஜோ என்றுதான் கூப்பிடுவார்களாம். அவர் தலைமையில் நிலம் முழுக்க மைல்கணக்கில் வாய்க்கால் வெட்டினார்கள். நேர்க்கோடாக வெட்டினால் வாய்க்கால் மாதிரித் தெரியும் என்று வளைத்து வளைத்து, ஓடை மாதிரி. நீர் ஏறினால் மிதவை ஏறித் தானே திறந்து, நீர் இறங்கினால் தானே மூடிக்கொள்ளும் மதகுகளை வைத்தார்கள். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். புயலடித்து ஊரே இருளில் கிடந்தாலும் மதகு தன் வேலையைச் செய்யும்.

இதற்கெல்லாம் சட்ட வசதியும் இருந்தது. 1967ல் மாநிலச் சட்டசபை ரீடி கிரீக் என்ற பெயரில் ஒரு தனி நிர்வாக மாவட்டத்தையே உருவாக்கிக் கொடுத்தது. வடிகால், கழிவுநீர், தீயணைப்பு, ஏன், கட்டட விதிகளை எழுதும் அதிகாரம்கூட அதற்கு உண்டு. 2023ல் அரசியல் சண்டை முற்றி மாநில அரசு அந்த அமைப்பை மாற்றி எழுதி, நிர்வாகக் குழுவைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்தச் சண்டையில் யார் சரி என்பது வேறு பஞ்சாயத்து. ஆனால் பிளான் அப்ரூவலுக்கு அலைந்து பழகிய என்னைப் போன்றவனுக்கு, விதியை எழுதுகிறவனும் கட்டுகிறவனும் ஒரே ஆள் என்றால் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, டூருக்கு வருவோம். மெயின் ஸ்ட்ரீட்டின் தொடக்கத்தில் கூடினோம். பெரும்பாலும் கணவன் மனைவியாக வந்த நடுவயது அமெரிக்கர்கள், டிஸ்னி பற்றி வழிகாட்டியைவிட அதிகம் தெரிந்தவர்கள். வழிகாட்டி ஒரு பெண்மணி, நாற்பது வயதுக்குமேல் இருக்கும். சட்டையில் பெயர்ப்பட்டை. அங்கே எல்லோருக்கும் முதல் பெயரும் சொந்த ஊரும் மட்டும்தான். மேலதிகாரியும் அப்படித்தான். ஊழியர்களைக் காஸ்ட் மெம்பர் என்கிறார்கள், வாடிக்கையாளர் கெஸ்ட், பூங்கா மேடை, மற்றதெல்லாம் மேடைக்குப் பின்புறம். இடம் காட்டும்போது ஒற்றை விரலை நீட்டக் கூடாது, இரண்டு விரல் அல்லது முழுக் கை. அவர் அன்று முழுக்க ஒரு தடவைகூட மறக்கவில்லை. பின்புறம் போகும்போது செல்போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும், படம் எடுக்கக் கூடாது.

மேடையிலிருந்து பின்புறத்துக்கு மாறுவது ஒரே அடியில் நடந்துவிடுகிறது. அலங்காரக் கட்டடம் ஒன்றின் பக்கத்தில் சாதாரணமான மரக்கதவு. அதைத் தாண்டினால் பாட்டு நிற்கிறது. தரையில் அழகுக்கல் போய் வெறும் கான்கிரீட். திரும்பிப் பார்த்தால் அந்த அலங்காரக் கட்டடத்தின் முதுகு: இரும்புச் சட்டம், பிளைவுட், பெயின்ட் அடிக்காத ஆணித்தலைகள். சவாரிகள் நடப்பதெல்லாம் உண்மையில் பெரிய கொட்டகைகளுக்குள்தான். வெளியிலிருந்து கண்ணில் படக்கூடிய பக்கங்களுக்கு சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தை அடித்துவிடுகிறார்கள். மரங்களுக்கு நடுவில் கண் அதில் நிற்காமல் வழுக்கிவிடும். ‘கோ அவே கிரீன்’ என்பார்களாம். அடுத்த முறை போகும்போது தேடிப்பாருங்கள், ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு எங்கே பார்த்தாலும் அதுதான் தெரியும்.

சுரங்கத்துக்குள் படியிறங்கிப் போனதும் என் கண் பழக்கதோஷத்தில் மேலேதான் போனது. அங்கே ஃபால்ஸ் சீலிங் இல்லை. எதையும் மறைக்கவில்லை. குளிர்நீர்க் குழாய்கள், தீயணைப்புக்கான சிவப்புக் குழாய், மின்கம்பித் தட்டுகள், அரை நூற்றாண்டை நெருங்கும் இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் அண்மையில் இழுத்த ஃபைபர் கேபிள். வால்வுப் பிடிகளில் பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருந்தது. ஒரு பிடியில் ஓரம் பெயர்ந்த இடத்தில் உள்ளே மூன்று நிறங்களை எண்ண முடிந்தது. எந்தக் குழாயையும் ஏணி போட்டால் தொட்டுவிடலாம். தெருவைத் தோண்டாமல், கூட்டத்தை நிறுத்தாமல், கீழே இருந்தபடியே எதை வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். நம் ஊரில் ஒவ்வொரு துறையும் மாறிமாறித் தெருவை வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். குழு முன்னால் போய்விட, வழிகாட்டி திரும்பி வந்து அழைத்துப் போனார். இந்தக் குழாய்களை யார் பராமரிக்கிறார்கள், மழைநீர் எங்கே போகிறது என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் இளவரசிகள் எங்கே உடை மாற்றுகிறார்கள் என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள் என்று சிரித்தார்.

திடீரென்று தலைக்கு மேல் ஒரு உறுமல் ஓடியது. ஒன்றரை அடிக்கும் சற்று அதிக விட்டமுள்ள குழாய் ஒன்றுக்குள் ஏதோ தடதடவென்று பாய்ந்து போனது. குப்பை! மேலே தொட்டிகளில் சேரும் குப்பைப் பைகளைப் பணியாளர்கள் பின்புறம் உள்ள வாய்களில் போடுகிறார்கள். பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை வால்வு திறக்கும், காற்று உறிஞ்சும், மணிக்கு 95 கிலோமீட்டர் வரை வேகத்தில் பைகள் குழாய் வழியாகப் பூங்காவின் பின்கோடிக்குப் போய்விடும். ஸ்வீடன் நாட்டு ஏற்பாடு இது. அங்கே 1961ல் சொல்லெஃப்டியோ என்ற ஊரின் மருத்துவமனையில்தான் முதலில் வைத்தார்கள். பத்தே வருடத்தில் ஃப்ளோரிடாவுக்கு வந்துவிட்டது. லேசான குப்பை வாடை சுரங்கத்தில் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஐம்பதாயிரம் பேர் சாப்பிட்டு எறியும் நாளில் மேலே ஒரு குப்பை வண்டிகூட யார் கண்ணிலும் படாமல் இருக்க, இதற்கு மேல் நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

சுரங்கச் சுவர்களில் மேலே என்ன பகுதி இருக்கிறதோ அதற்கேற்ற நிறம், பெயர்ப்பலகை. இல்லாவிட்டால் புதியவர்கள் தொலைந்துபோவார்கள். ஊழியர்கள் தூரத்து பார்க்கிங்கில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, இதன் வழியாக நடந்து, தங்கள் பகுதிக்கு நேர் கீழே வந்து படியேறுகிறார்கள். கௌபாய் பிரச்சினை தீர்ந்தது. உள்ளே கேன்டீன் இருக்கிறது, முடி வெட்டும் இடம் இருக்கிறது, அட்டவணை ஒட்டிய அறிவிப்புப் பலகைகள், பூட்டுப் பெட்டிகள். ஸ்பானிஷ் பேச்சு நிறையக் காதில் விழுந்தது. விண்வெளி உடுப்பும் காலனிக்காலக் கோட்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கேன்டீன் வரிசையில் பேசிக்கொண்டிருந்தன. யாரும் யாரையும் வேடிக்கை பார்க்கவில்லை.

லிபர்ட்டி ஸ்கொயருக்குப் போகும் படிக்கட்டின் அடியில், பதினெட்டாம் நூற்றாண்டுத் தொப்பியும் நீளப் பாவாடையுமாக ஒரு அம்மா கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்குக் குறையாது. ஒரு கால் ஷூ கழன்று பக்கத்தில் கிடந்தது. குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவில் சோறும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நிமிரவில்லை, பார்வையாளர்கள் வருவது பழகிப்போயிருக்க வேண்டும். டப்பாவை மூடினார். ஷூவை மாட்டினார். சுவரில் இருந்த ஆள்உயரக் கண்ணாடியில் தொப்பியின் நாடாவைச் சரிபார்த்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் சில படிகளை வலியோடுதான் ஏறினார். பாதிப் படிக்கு மேல் கை கைப்பிடியை விட்டது, முதுகு நிமிர்ந்தது. கதவு திறந்ததும் மேலே ஒரு உற்சாகமான ‘குட் ஆஃப்டர்நூன்’ கேட்டது. குரல் வேறு யாருடையதோ என்றுதான் நினைத்தேன்.

இதற்குப் பிறகு டூரில் பார்த்ததெல்லாம் சுவாரஸ்யம்தான், ஆனால் விளையாட்டுக் கணக்கில். ஹான்டட் மேன்ஷனை மட்டும் சொல்கிறேன். அந்தப் பேய் வீட்டில் நுழைந்ததும் ஒரு எண்கோண அறை, கண் முன்னே நீண்டுகொண்டே போகும். அனஹைமில் 1969ல் கட்டியபோது அது உண்மையில் ஒரு லிஃப்ட். பார்வையாளர்களைக் கீழே இறக்கி, ரயில் பாதைக்கு அடியில் நடக்கவைத்து, பூங்காவின் எல்லைக்கு வெளியே இருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோக வேறு வழி இல்லை. ஃப்ளோரிடாவில் அந்தக் கட்டாயம் இல்லை, எனவே அறை அசையாது, கூரைதான் மேலே போகிறது. நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே நடனக் கூடத்தில் ஊடுருவித் தெரியும் பேய்கள் ஜோடியாகச் சுழலும். 1862ல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையேற்றிய அதே உத்தி. பெரிய கண்ணாடித் தடுப்பு, இருட்டில் மறைந்திருக்கும் பொம்மைகளின் பிம்பம். பிம்பம் இடவலம் மாறுவதால் நடனத்தில் ஆணுக்குப் பதில் பெண் பேய்கள் துணையை நடத்திப் போவதாகத் தெரியும். இது தெரிந்த பிறகும் அந்தக் கூடத்தைக் கடக்கும்போது எனக்குப் பேயாகத்தான் தெரிந்தது.

கோட்டையும் அப்படியே. உயரம் 189 அடி. 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு மின்ன வேண்டும், சிண்ட்ரெல்லா வீட்டில் அது எடுபடாது. மேலே போகப் போகச் சன்னல்களும் கல்வடிவங்களும் சிறியதாகிக்கொண்டே போவதால் இன்னும் உயரமாகத் தெரிகிறது. இரும்பும் கான்கிரீட்டும் ஃபைபர்கிளாஸும்தான், ஒரு செங்கல் கிடையாது. அதன் வளைவுக்குள் சிண்ட்ரெல்லா கதையைச் சொல்லும் ஐந்து மொசைக் சித்திரங்கள் இருக்கின்றன. டொரோதியா ரெட்மண்ட் வரைந்ததைக் கண்ணாடித் துண்டுகளில் பதித்தவர் ஹான்ஸ் ஷார்ஃப். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையில் இருந்து, பிடிபட்ட அமெரிக்க விமானிகளை விசாரித்தவர். அடி, உதை எதுவும் இல்லாமல், கூடப் பேசிக்கொண்டு உலாவியே விஷயத்தைக் கறந்துவிடுவாராம். போருக்குப் பின் அமெரிக்காவுக்கு வந்து மொசைக் கலைஞரானார். நின்று படம் எடுக்கும் கூட்டத்துக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எனக்கு மட்டும் அந்தச் சுவரை இனி வேறு மாதிரிப் பார்க்க முடியாது.

எல்லாம் முடிந்து மேலே வந்தபோது மாலை ஊர்வலத்துக்கு இடம் பிடிக்க மக்கள் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார்கள். மகள் ஓடிவந்து, “அப்பா, உள்ள மிக்கி இருந்தாரா?” என்றாள். குழாய்தான் இருந்தது என்றேன். நம்பிவிட்டாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கைக்கு மேலும் ஏதோ இருந்தது.

அன்றைக்கு ராத்திரி ஹோட்டலில் அந்த அம்மாவின் குதிகால்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. குழாய்களை மறைப்பது நல்ல பொறியியல். குப்பையை மறைப்பதும் நல்லதுதான். ஆனால் அதே வரைபடம் ஆளையும் மறைக்கிறது. வலியோடு நடப்பவர், சாப்பிடுபவர், அலுத்துக்கொள்பவர் எவரும் மேலே கண்ணில் பட முடியாதபடி ஒரு தளமே கட்டியாகிவிட்டது. இதில் ஊழியருக்கு ஒரு லாபமும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எந்த மாலிலும் கடை ஊழியர் படிக்கட்டோரம் ஒளிந்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். இங்கே அவர்களுக்கென்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் கண்ணில் படாதவருக்கு என்ன சம்பளம் என்று கேட்க வாடிக்கையாளருக்குத் தோன்றாது. தொழிற்சங்கம்தான் கேட்டது. 2018ல் போராடி, குறைந்தபட்சச் சம்பளம் 2021க்குள் மணிக்கு 15 டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2023ல் அது 18 டாலருக்கு உயர்ந்தது. மேஜிக் கிங்டத்தில் கூட்டம் அலைமோதும் நாட்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் டிக்கெட் 150 டாலரைத் தாண்டிவிடுகிறது. திறந்த வருடம் நுழைவுக் கட்டணம் மூன்றரை டாலர்.

மிக்கி உடுப்புக்குள் இருப்பவர்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. நான் இன்ன கதாபாத்திரம் என்று அவர்கள் வெளியே சொல்லக் கூடாது, இன்னாருக்கு நண்பர் என்றுதான் சொல்வார்கள். ஃப்ளோரிடா வெயிலில் அந்தக் கம்பளித் தலைக்குள் நின்று குழந்தைகளைக் கட்டிப்பிடிப்பவர்களுக்குச் சங்கம் எது தெரியுமா? டீம்ஸ்டர்ஸ். லாரி ஓட்டுநர்களின் சங்கமாகப் பேர்போனது. இதைத்தான் மகளிடம் சொல்லியிருக்க வேண்டும், அவளுக்கு 16 ஆனதும் சொல்கிறேன்.

இவ்வளவு நன்றாக ஓடும் ஏற்பாட்டை ஏன் மற்ற இடங்களில் செய்யவில்லை என்று கேட்கலாம். அதே நிலத்தில் 1982ல் திறந்த எப்காட் பூங்காவில் நடுப்பகுதிக்கு அடியில் மட்டும் சின்னதாக ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே 1989லும் 1998லும் திறந்த ஹாலிவுட் ஸ்டூடியோஸிலும் அனிமல் கிங்டத்திலும் இப்படி ஒரு தளம் கிடையாது. பூங்காவைச் சுற்றிப் பின்பக்கமாக ஒரு சர்வீஸ் ரோடு, அவ்வளவுதான். செலவுதான் காரணம் என்று யாரும் சொல்லாமலே தெரியும். வருமானம் தரும் ஒவ்வொரு சதுர அடிக்கும் கீழே வருமானம் தராத ஒரு சதுர அடியைக் கட்ட இன்று எந்த முதலீட்டாளரும் கையெழுத்துப் போட மாட்டார். என் மேசையில் இப்படி ஒரு வரைபடம் வந்தால் முதல் மீட்டிங்கிலேயே சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார்கள், அடிக்கிற ஆள் நானாகவும் இருப்பேன். காலியாகக் கிடந்த 27,000 ஏக்கர், சொந்தமாக எழுதிக்கொண்ட கட்டட விதி, காசைப் பற்றிக் கவலைப்படாத ஒரு பிடிவாதக்காரர், அவர் இறந்தபிறகும் அவர் சொன்னதை மாற்ற விரும்பாத ஒரு அண்ணன். இவை எல்லாம் ஒரே சமயத்தில் சேர்ந்து வருவது கஷ்டம்.

போக நினைப்பவர்களுக்கு: நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், மிக்கியை நம்பும் வயதில் பிள்ளை இருந்தால் திரும்பிவந்து என்ன சொல்வது என்று யோசித்து வையுங்கள். மாலில் கூரையைப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் அந்த ஐந்து மணி நேரத்தில் ஸ்பேஸ் மவுண்டன் சவாரியில் இரண்டு தடவை போய்வரலாம், வரிசை கொஞ்சம் ஒத்துழைத்தால்.